டார்பிடோ பட்ட கப்பலில் ஏன் மறுபடி ஏறினார்கள்?

பாலக்கோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "என் பாட்டியின் அப்பா 1942-இல் பம்பாயில் கப்பல் ஏறி, தென்னாப்பிரிக்கா போகும் வழியில் இறந்துவிட்டார் என்று வீட்டில் சொல்வார்கள். ஜப்பான்காரர்கள் நீர்மூழ்கியால் கப்பலை அடித்தார்களாம். கப்பல் உடனே மூழ்கவில்லையாம். படகில் இறங்கியவர்கள் மறுபடி கப்பலில் ஏறினார்களாம். அப்போது இரண்டாவது முறை அடித்தார்களாம். சண்டைக்குப் போகாத கப்பலை எதற்கு அடிக்க வேண்டும்? தப்பித்தவர்கள் எதற்குத் திரும்பி ஏற வேண்டும்? நம்பும்படியாக இல்லையே."

கேள்வி இரண்டாகத் தெரிந்தாலும் உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: பாட்டி சொன்னது நடந்ததா, வாய்க்கு வாய் மாறி வந்த கதையா? அப்படி ஒரு கப்பல் இருந்தது. நீங்கள் நம்ப மறுக்கும் அந்த இடம், மறுபடி ஏறியதும் மறுபடி அடித்ததும், அப்படியே நடந்தது. உங்கள் முன்னோர் அதில் இருந்தாரா என்பது வேறு விஷயம். அதற்குக் கடைசியில் வருகிறேன். நான் வணிகக் கப்பல்களில் இன்ஜின் பிரிவில் வேலை பார்த்து, தலைமை இன்ஜினியராக ஓய்வு பெற்று, இப்போது காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன். போரைக் கண்டவன் அல்ல, வரலாற்றுப் பேராசிரியரும் அல்ல. கப்பல் எப்படி மூழ்கும், படகு எப்படி இறங்கும் என்பதை என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். போர் சம்பந்தப்பட்டதில் ஆவணங்கள் உறுதியாகச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கப்பலின் பெயர் எஸ்.எஸ். திலாவா. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்குச் சொந்தமானது, 1924-இல் கட்டப்பட்டது, 10,006 டன். 1942 நவம்பர் 20 அன்று பம்பாயிலிருந்து மொம்பாசா, மபூட்டோ, டர்பன் துறைமுகங்களை நோக்கிப் புறப்பட்டது. துணைக்குப் போர்க்கப்பல் கிடையாது, தனியாகத்தான் போனது. பயணிகள் 732 பேர், மாலுமிகள் 222 பேர், பீரங்கிக்காரர்கள் 4 பேர், ஆக மொத்தம் 958 உயிர்கள். நவம்பர் 23 அதிகாலை இரண்டு மணி வாக்கில், செஷல்ஸ் தீவுகளுக்கு வடகிழக்கே சுமார் 930 மைல் தொலைவில், ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கி முதல் டார்பிடோவை, அதாவது நீருக்குள் தானே ஓடிப்போய் வெடிக்கும் குண்டை, விட்டது. படகுகளில் ஏற ஒரே நெரிசல். படகுகள் கவிழ்ந்தன. ஆனால் கப்பல் மிதந்துகொண்டுதான் இருந்தது. நேரம் செல்லச் செல்ல, இது நிற்கும் என்ற நம்பிக்கையில் சிலர் திரும்பி ஏறினார்கள். அதன் பிறகுதான் இரண்டாவது டார்பிடோ வந்தது. கப்பல் மூழ்கியது. 280 பேர் இறந்தார்கள். மற்றவர்கள் இரண்டு நாட்கள் நடுக்கடலில் கிடந்த பிறகு, பிரிட்டிஷ் போர்க்கப்பல் பர்மிங்ஹாம் வந்து 674 பேரை ஏற்றிக்கொண்டது. கார்த்தேஜ் என்ற இன்னொரு கப்பல் நான்கு பேரை மீட்டது.

திரும்பி ஏறியதை முட்டாள்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். கடலில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கும் பாடமே, கப்பலைவிட நல்ல உயிர்காப்புப் படகு வேறு இல்லை என்பதுதான். மிதக்கும் வரை அதை விட்டு இறங்காதே. ஒரு கப்பலின் உட்புறம் ஒரே கூடம் அல்ல. குறுக்கே எஃகுச் சுவர்கள் வைத்துப் பல அறைகளாகப் பிரித்திருப்பார்கள். டார்பிடோ ஒரு அறையைக் கிழித்தால் அந்த அறை கடல் மட்டம் வரை நிரம்பும். கப்பல் சற்றுத் தாழும், ஒரு பக்கம் சாயும், அதோடு நிற்கவும் கூடும். அப்படி நின்று, தானே துறைமுகம் போய்ச் சேர்ந்த கப்பல்கள் போரில் ஏராளம். நிற்குமா போகுமா என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்யும். அடிபட்ட இடம் எது, இரண்டு அறைகளுக்கு நடுவில் உள்ள சுவரே உடைந்ததா, சரக்கு என்ன. பஞ்சோ மரமோ ஏற்றியிருந்தால் அந்தச் சரக்கே கொஞ்சம் மிதப்பைக் கொடுக்கும். இரும்புத்தாது ஏற்றிய கப்பல்கள் அட்லாண்டிக்கில் ஓரிரு நிமிடத்தில் காணாமல் போயின. தாது கனமானது, கிடங்கில் பாதி இடத்துக்கு மேல் காலியாகவே இருக்கும், அந்தக் காலியிடம் முழுவதிலும் தண்ணீர் பாய்ந்துவிடும். திலாவா முதல் அடிக்குப் பின் நின்றது. நவம்பர் மாதத்து இருட்டில், நிரம்பி வழியும் படகில் உட்கார்ந்துகொண்டு, எதிரே பத்தாயிரம் டன் கப்பல் மூழ்காமல் நிற்பதைப் பார்த்தால், நானும் ஏறத்தான் சொல்லியிருப்பேன். ஒரே ஒரு விஷயம் அந்தப் பாடத்தில் கிடையாது: அடித்தவர் இன்னும் அருகிலேயே காத்திருப்பது.

நீர்மூழ்கியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டாவது டார்பிடோவில் விசேஷம் எதுவும் இல்லை. முதல் அடியில் மூழ்காத கப்பலுக்கு இன்னொன்று என்பது எல்லா நாட்டு நீர்மூழ்கிகளுக்கும் வழக்கமான வேலை. பாதி மூழ்கிய கப்பலை இழுத்துப் போய்ப் பழுது பார்த்தால் அது மறுபடி சரக்கு ஏற்றும். திரும்பி ஏறியவர்களைக் கொல்வதற்காகவே காத்திருந்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த நோக்கத்துக்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. இருட்டில் விளக்கணைத்துப் போகும் கப்பலை இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தால் புகைபோக்கியும் பாய்மரக் கம்பமும் கரிய உருவமாகத் தெரியுமே தவிர, மேல்தளத்தில் யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்பது தெரியாது.

இன்ஜின் அறையைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் தொழிலுக்கு நியாயம் செய்ததாகாது. டார்பிடோ நீர்மட்டத்துக்குக் கீழே அடிக்கும் ஆயுதம். ஜப்பானிய நீர்மூழ்கிகளிடம் இருந்த 95 வகை டார்பிடோ, மற்ற நாட்டவர் பலருடையதைப் போல அழுத்தக் காற்றில் ஓடவில்லை, தூய ஆக்சிஜனில் ஓடியது. அதனால் பின்னால் குமிழிக் கோடு அதிகம் எழாது. மேலே காவல் நிற்பவர் கண்டுபிடிப்பது கடினம். தலையில் 400 கிலோவுக்கு மேல் வெடிமருந்து. நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பவர் யார்? நள்ளிரவு பன்னிரண்டு மணி முதல் நான்கு மணி வரை வாட்ச் நிற்கும், அதாவது முறைவேலை பார்க்கும், இன்ஜின் ஆட்கள். வெளியேற எஃகு ஏணி, அதுவும் கிட்டத்தட்ட செங்குத்து. கைப்பிடிக் கம்பி எண்ணெய்ப் பிசுக்கோடு வழுக்கும். கொதிகலன் குழாய் உடைந்தால் நீராவி நிரம்பிக் கண் தெரியாது. ஜெனரேட்டர் நின்றால் விளக்கு போகும், பம்பு போகும். பழைய நீராவிக் கப்பல்களில் இன்ஜின் அறையிலிருந்து பின்புறச் சுக்கான் பக்கம் வரை, சுழல்தண்டு போவதற்காகத் தாழ்ந்த நீண்ட குகைப்பாதை ஒன்று இருக்கும். அதன் வாயிலில் நீர்புகாக் கதவு. அந்தக் கதவைச் சாத்தாவிட்டால், ஒரு அறையோடு நிற்க வேண்டிய தண்ணீர் அடுத்த அறைக்குப் போகும். சாத்தினால், உள்ளே எண்ணெய் விடப் போனவன் வெளியே வர வேறு வழி தேட வேண்டும். பயிற்சியின்போது இருட்டில் தடவித் தடவி அந்த ஏணியில் ஏறியிருக்கிறேன். தண்ணீரும் இல்லை, சாய்வும் இல்லை, பயமும் இல்லை. அப்படியும் நேரம் பிடித்தது. சமையல், தளம், இன்ஜின் என்று பிரித்து இந்திய மாலுமிகளை வேலைக்கு வைத்திருந்த அந்தக் காலக் கப்பல்களில் சாரங்கின் (மாலுமிகளின் மேஸ்திரி) கீழ் கொதிகலன் அருகே நின்றவர்களின் நிலை இதுதான்.

அடுத்தது படகு. இந்தக் கப்பலில் முதல் டார்பிடோவைவிட அதற்குப் பின் நடந்த நெரிசலும் கவிழ்ந்த படகுகளும் பலரைக் கொன்றன என்றே தப்பியவர்களின் கூற்றுகள் சொல்கின்றன. உயிர்காப்புப் படகு தளத்தின் உயரத்தில், முன்னும் பின்னும் இரண்டு கயிறுகளில் தொங்கும். இரண்டையும் ஒரே சீராக விட வேண்டும். ஒரு பக்கம் வேகமாக ஓடினால் படகு செங்குத்தாகி உள்ளே இருப்பவர்களைக் கொட்டிவிடும். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், உயர்ந்த பக்கத்துப் படகு கப்பலின் உடம்பில் உரசி மாட்டிக்கொள்ளும்; தாழ்ந்த பக்கத்துப் படகு எட்டாத தூரத்தில் ஊசலாடும். இந்தக் காலத்துப் படகுகள் 20 பாகைச் சாய்விலும் இறங்க வேண்டும் என்று சர்வதேச விதி இருக்கிறது. இவ்வளவுக்கும் மேல் மனிதர்களின் எடை. ஒகேனக்கல்லில் பரிசலில் ஏறியவுடன் பரிசல்காரர் முதலில் சொல்வது என்ன? எழுந்து நிற்காதீர்கள், எல்லோரும் ஒரே பக்கம் சாயாதீர்கள் என்பதுதானே. நடுநிசியில், தூக்கத்திலிருந்து எழுந்து, பிள்ளை குட்டியோடு, மூன்று நாள் முன்புதான் முதல் முறையாகக் கப்பலைப் பார்த்த நூற்றுக்கணக்கானவர்களிடம் அதை யார் சொல்ல, யார் கேட்க? பயணிகள் பதறியதால்தான் செத்தார்கள் என்று பழியை அவர்கள் தலையில் போடும் எழுத்தைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். தளத்தில் பாய் விரித்துப் பயணம் செய்தவர்களுக்குப் படகுப் பயிற்சி எந்த அளவுக்குக் கொடுக்கப்பட்டது என்பதல்லவா முதல் கேள்வி.

சண்டைக்குப் போகாத கப்பலை எதற்கு அடிக்க வேண்டும் என்ற உங்கள் கேள்விக்குப் பதில் கசப்பானது. தவறிப்போய் அடிக்கவில்லை, இலக்கே அதுதான். இரண்டு உலகப் போர்களிலும் நீர்மூழ்கியின் முக்கியமான வேலைகளில் ஒன்று எதிரியின் சரக்குக் கப்பல்களைக் குறைப்பது. பிரிட்டனுக்குச் சோறு, எண்ணெய், துப்பாக்கி எல்லாம் கடல் வழிதான். கட்டும் வேகத்தைவிட மூழ்கடிக்கும் வேகம் அதிகமானால் போர் முடிந்துவிடும் என்பது ஜெர்மன் கணக்கு. அதனால் கணக்கு டன்னில் எழுதப்பட்டது, ஆட்களில் அல்ல. கப்பலின் டன் என்பது எடைகூட அல்ல. நூறு கன அடி உள்ளிடம் ஒரு டன். திலாவா மூழ்கிய அதே 1942 நவம்பரில்தான் நேச நாடுகள் நீர்மூழ்கிகளால் இழந்தது 7 லட்சம் டன்னைத் தாண்டியது. முழுப் போரிலும் அதுவே மிக மோசமான மாதம். அதே மாதம் வட ஆப்பிரிக்காவில் படை இறக்கியதால் காவல் கப்பல்கள் அந்தப் பக்கம் குவிந்திருந்தன. இந்தியப் பெருங்கடலில் தனியே போகும் கப்பலுக்கு இருட்டுதான் காவல்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து நீர்மூழ்கி எப்போதும் நீருக்குள்ளேயே கிடந்த ஒன்றல்ல. நீருக்குள் மின்கலத்தில் ஓடும்போது ஐ-29 போன்றவற்றின் அதிகபட்ச வேகம் மணிக்கு 8 கடல் மைல். நீரின் மேல் டீசலில் 23 கடல் மைலுக்கு மேல். சரக்குக் கப்பல்களில் பெரும்பாலானவை 10, 12 கடல் மைல் வேகத்தில் போனவை. ஆகவே இரவில் மேலே எழுந்து, வேகமாக முந்திப் போய், வழியில் காத்திருந்து அடிப்பதுதான் முறை. தாக்குதல்களில் பல நடு இரவில் நடந்ததற்குக் காரணம் இதுதான்.

சட்டம் அனுமதித்ததா? எழுத்தில் இல்லை. 1936 லண்டன் நெறிமுறைப்படி, பயணிகளையும் மாலுமிகளையும் பாதுகாப்பான இடத்தில் சேர்க்காமல் வணிகக் கப்பலை மூழ்கடிக்கக் கூடாது. கரையோ வேறு கப்பலோ அருகில் இல்லாதபோது உயிர்காப்புப் படகைப் பாதுகாப்பான இடமாகக் கருதக் கூடாது. ஜப்பானும் கையெழுத்திட்டிருந்தது, ஜெர்மனியும் சேர்ந்திருந்தது. மறுபக்கம், வணிகக் கப்பல்களில் பீரங்கி பொருத்தியிருந்தார்கள், நீர்மூழ்கியைக் கண்டால் வானொலியில் அறிவிக்க உத்தரவு இருந்தது. அப்படிச் செய்த கப்பல் இன்னும் சாதாரண வணிகக் கப்பல்தானா என்ற வாதம் போருக்குப் பிறகும் ஓயவில்லை. போருக்குப் பின் நியூரம்பர்க்கில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் ஜெர்மன் கடற்படைத் தளபதி டேனிட்ஸ் இந்த விதிகளை மீறியதாகச் சொன்ன நீதிமன்றம், தண்டனையை அந்த மீறலின் அடிப்படையில் அளக்கவில்லை. காரணம், அமெரிக்க நீர்மூழ்கிகளும் பசிபிக்கில் முதல் நாளிலிருந்தே எச்சரிக்கையின்றித் தாக்கியதாக அமெரிக்கத் தளபதி நிமிட்ஸ் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். 1944 செப்டம்பரில் சுமத்ரா அருகே ஜுன்யோ மாரு என்ற ஜப்பானியக் கப்பலைப் பிரிட்டிஷ் நீர்மூழ்கி மூழ்கடித்தபோது செத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நேச நாட்டுப் போர்க் கைதிகளும் ஜாவாக் கூலித் தொழிலாளர்களும்தான். இதில் எந்தக் கொடியும் சுத்தமில்லை. தண்ணீரில் தத்தளிப்பவர்களையும் பிடிபட்டவர்களையும் கொல்வது மட்டும் தனி ரகம். 1944 ஜூலையில் ஜீன் நிக்கொலெட் என்ற அமெரிக்கக் கப்பலின் மாலுமிகளை ஜப்பானின் ஐ-8 நீர்மூழ்கி நடத்திய விதம் அப்படிப்பட்டது. அதற்கு எந்த வாதமும் கிடையாது.

வெள்ளிக்காகத்தான் அடித்தார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. திலாவாவில் தென்னாப்பிரிக்க அரசு வாங்கிய வெள்ளிக் கட்டிகள் 2,300-க்கு மேல் இருந்தது உண்மை. பெரும்பகுதி நாணயம் அடிப்பதற்காக. இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்ததை 2017-இல் எடுத்தார்கள். எடுத்த நிறுவனத்துக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் நடந்த வழக்கில் 2024 மே மாதம் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தென்னாப்பிரிக்காவின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் வெள்ளி வேண்டுமென்றால் கப்பலைப் பிடித்திருக்க வேண்டும். இரண்டு டார்பிடோ விட்டு ஆழ்கடலில் போட்டிருக்கக் கூடாது. எனக்கு இந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. இதே ஐ-29 தான் அடுத்த வருடம், 1943 ஏப்ரல் கடைசியில், மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸை ஏற்றிக்கொண்டு சுமத்ராவில் சேர்த்தது என்பது மட்டும் சந்தேகமில்லாத செய்தி. மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அவர் படையில் சேர்ந்ததற்கு முந்தைய கண்ணி அது. ஐந்து மாத இடைவெளியில் ஒரே கப்பல் செய்த இரண்டு வேலைகள். இதில் எதை எதற்கு ஈடாக வைப்பது என்று என்னைக் கேட்காதீர்கள். 1944 ஜூலையில் அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று அதையும் மூழ்கடித்தது.

இனி உங்கள் முன்னோர். சொந்தக்காரர்களிடம் முதலில் ஆண்டை உறுதி செய்யுங்கள். குடும்பக் கதைகளில் கப்பல்கள் கலந்துவிடும். 1914 செப்டம்பரில் சென்னையைச் சுட்ட எம்டன் நீர்மூழ்கி அல்ல, நீர்மேல் ஓடிய போர்க்கப்பல். 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் மூழ்கிய ரோனாவும் இதே நிறுவனத்தின் கப்பல்தான். அது விமானத்திலிருந்து விட்ட வழிநடத்தப்படும் குண்டால் மூழ்கியது. 1944 பிப்ரவரியில் மாலத்தீவு அருகே மூழ்கிய கேதிவ் இஸ்மாயில் படையினர் சென்ற கப்பல். அதை அடித்தது ஐ-27. பம்பாய், ஆப்பிரிக்கா, 1942, இரண்டு முறை அடி ஆகிய நான்கும் பொருந்தினால் அது திலாவாதான். அதில் சென்றவர்களில் பெரும்பாலோர் குஜராத்திகளும் பஞ்சாபிகளும். ஆனாலும் நம் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்திருக்கக்கூடும். 1860 முதல் 1911 வரை சென்னைத் துறைமுகம் வழியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களில் வட ஆற்காடு, சேலம் மாவட்டத்தார் நிறையப் பேர். புதிதாகக் குடியேறத் தடை வந்த பிறகும், அங்கே ஏற்கெனவே குடியிருப்பு உரிமை பெற்றவர்கள் ஊருக்கு வந்து திரும்புவது நடந்தது. உங்கள் பாட்டியின் அப்பா முதல் முறையாகப் போனாரா, திரும்பிப் போனாரா என்று கேட்டுப் பாருங்கள். திரும்பிப் போனவர் என்றால் கதை பலம் பெறுகிறது.

தேடும்போது தருமபுரி மாவட்டம் என்று தேடினால் எதுவும் கிடைக்காது. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-இல். அதற்கு முந்தைய காகிதம் எல்லாவற்றிலும் சேலம் ஜில்லா, பிறகு தாலுகா, பிறகு கிராமம் என்றுதான் இருக்கும். நேட்டால் கூலிப் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் எண், தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் சொத்தோ கடையோ வைத்திருந்தவர் கடலில் இறந்திருந்தால், இறந்தவர் சொத்துக் கோப்பு ஒன்று அங்குள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்க வாய்ப்புண்டு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்துக்கு எழுதலாம். அவர் பயணியாக இல்லாமல் மாலுமியாகப் போயிருந்தால் வழி வேறு. போரில் கடலில் இறந்த இந்திய மாலுமிகள் ஏறக்குறைய 6,500 பேரின் பெயர்ப் பட்டியல் பம்பாய், சிட்டகாங் போர் நினைவகங்களில் இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் கப்பல் பெயரோடு தேடலாம். பயணிகள் பெயர் அதில் இருக்காது, ஆகவே அங்கே கிடைக்கவில்லை என்பதற்காக அவர் கப்பலில் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். 2022 நவம்பரில் எண்பதாம் ஆண்டையொட்டி மும்பையில் திலாவா குடும்பங்கள் கூடி நினைவுகூர்ந்தார்கள். அவர்கள் திரட்டி வைத்திருக்கும் பெயர்களையும் பாருங்கள். பெயரைத் தேடும்போது முருகன் என்றால் எழுத்துக்கூட்டலில் ஐந்தாறு வகையாக எழுதிப் பாருங்கள், தகப்பன் பெயரைத் தனியாகவும் பாருங்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடிதான் எழுதியிருப்பார். பெயர், தகப்பன் பெயர், கிராமம், போன ஆண்டு இவை கிடைத்தால் இங்கேயே எழுதுங்கள். எந்தப் பதிவேட்டை முதலில் புரட்டுவது என்று சொல்கிறேன்.